ரயிலுக்கு ஆகாத ஈரம்

— அதை அப்படி நிக்க வைக்காதே. படுக்க வை. டிஷ்யூ காகிதத்தை இன்னொரு சுத்து சுத்து.

— சுத்திக்கிட்டுதாங்க இருக்கேன். உங்க பொம்மை ரயிலுக்கு நான் போத்தி விட்ட மாதிரி நம்ம பொண்ணு பிறந்தப்ப அவளுக்குக்கூடப் போத்தி விடல.

— பொம்மைன்னு சொல்லாதே, மாடல். விஷயம் என்னன்னா, வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, மழை வேற வரப் பாக்குது. சூடும் ஈரமும் ஒண்ணா சேந்துச்சுன்னா இதுங்க கதை முடிஞ்சுது.

— மாடி ரூம் சும்மாதானே கிடக்கு?

— மாடியா? மேல தளம் காயுற காய்ச்சலுக்கு இந்த பிளாஸ்டிக் ரயில் பெட்டியெல்லாம் முறுக்கிக்கும். சக்கரத்துல போட்ட எண்ணெய் பிசின் மாதிரி ஆயிடும். ஒரு தடவை ஸ்பாஞ்சுல சுத்தி மேல வச்சேனே, என்னாச்சு? ஸ்பாஞ்சு இளகி பெயின்ட்டோட ஒட்டிக்கிச்சு. காப்பாத்துறேன்னு நானே கெடுத்தேன்.

— அதனால இப்ப என் பீரோ.

— உன் பீரோதான் உள்சுவர் ஓரமா இருக்கு. வெயிலும் படாது, சாரலும் அடிக்காது.

— என் துணியெல்லாம் கோணிப்பையில, உங்க ரயிலெல்லாம் பீரோவுல. யாராவது பாத்தா என்னைத்தான் வீட்டை விட்டு அனுப்பறீங்கன்னு நினைப்பாங்க.

— சிரிக்க நேரமில்ல. அந்த ஈரம் உறிஞ்சுற பாக்கெட்டை எடு. மூலைக்கு ஒண்ணு போடு. அங்க இல்ல, இந்தப் பக்கம்.

— கொஞ்சம் உக்காருங்களேன். காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல நீங்க.

— உக்காந்தா ஆச்சா? இதுங்க இருக்கற ஏசி ரூம் சாயங்காலத்துக்குள்ள காலி ஆகணும். துடைக்கணும், தொட்டில் போடணும். பச்சைக் குழந்தை இந்த வெயில் தாங்குமா? பொண்ணு எந்த வண்டிக்கு வர்றாளாம்?

— அதைப் பத்திதான் பேசணும்.

— அப்புறம் பேசலாம். மூடியை அமுக்கிப் பிடி. டேப் எங்க போச்சு?

— உங்க கையிலதான் இருக்கு.

— ஆமா. விஷயம் என்னன்னா, அந்த ரூமை நான் யாருக்கும் விட்டுக் குடுத்ததில்ல. உங்கண்ணன் வந்தப்பகூட ஹால்லதான் படுக்கச் சொன்னேன்.

— அவன் அதுக்கப்புறம் வரவே இல்ல.

— இப்ப என் கையாலேயே காலி பண்றேன் பாரு. அவளுக்குத் தெரியாது. வந்து பாக்கட்டும், வாயைப் பொளந்துடுவா.

— தெரியும். காலையிலேயே போன்ல சொல்லிட்டேன்.

— ஏன் சொன்னே? சரி விடு. சந்தோஷப்பட்டாளா?

— அந்த டேப்பைக் கீழ வைங்க.

— என்ன சொன்னா?

— வரலைங்கறா. மாமியார் வீட்டுலயே இருந்துக்கறாளாம்.

— அங்க ஃபேன்கூட ஒழுங்கா சுத்தாதே. போனைக் குடு, நான் பேசறேன்.

— நான் கெஞ்சிப் பாத்துட்டேங்க. எனக்கே அழுகை வந்துடுச்சு.

— தெரிஞ்சுமா என்னை இத்தனை பெட்டி தூக்க விட்டே?

— ஒரு தடவையாவது நீங்க அந்த ரூமைக் காலி பண்றதைப் பாக்கணும்னு இருந்துச்சு.

— நான் என்னடி பண்ணேன்? அவளை ஒரு நாளாவது அதட்டியிருப்பேனா? சின்ன வயசுல ஆசையா கூப்பிட்டு ரயில் ஓட்டித்தானே காமிச்சேன்?

— காமிச்சீங்க. ரூம் வாசல்ல நிறுத்தி என்ன சொல்லி உள்ள விடுவீங்க?

— என்ன சொல்லுவேன், மூச்சை அடக்கிக்கிட்டு வான்னு சொல்லுவேன். நம்ம மூச்சுல ஈரம் இருக்கு, சின்ன ரூம், ஈரம் காட்டுற மீட்டர்ல உடனே ஏறும். சும்மா விளையாட்டுக்குச் சொன்னது.

— விளையாட்டுன்னு அவகிட்ட யாரும் சொல்லல. நீங்க ஓட்டி முடிக்கிற வரைக்கும் கன்னத்தை உப்பிக்கிட்டு நிப்பா. முகமெல்லாம் செவந்து வெளிய ஓடி வந்து, என் மேல விழுந்துதான் மூச்சு விடுவா.

— அதை இன்னுமா மனசுல வச்சிருக்கா? நீ மறுபடி போன் போடு. ரூம் காலின்னு சொல்லு. உள்ள ஒரு ரயில்கூட இல்லன்னு சொல்லு.

— சொன்னேங்க. ரயிலெல்லாம் திரும்பி வந்துடும்மா, பச்சைக் குழந்தைக்கு மூச்சை அடக்கத் தெரியாதேன்னா.