ஏழாவது இன்னிங்ஸில் லேன் குசேரா பேசினான்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! வண்டிகளை வெயிலில் நிறுத்திவிட்டு இந்தக் கூடத்தை நமக்குத் திறந்துவிட்ட தீயணைப்பு நிலையத் தோழர்களே! ஞாயிறுதோறும் எங்கள் பாவங்களையும் சனிதோறும் எங்கள் ஆட்டத்தையும் பொறுத்தருளும் பாதிரியார் அவர்களே! பிப்ரவரிப் பனியிலே போர்வைக்குள் ஒடுங்கி, எட்டே பேர் உட்கார்ந்து எண்பது பேராய்க் குரல் கொடுத்த பெரியோர்களே! வெள்ளைக் கால்சட்டையிலே செம்மண்ணைச் சுமந்துவந்த பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே துவைத்த, துவைத்துக்கொண்டே திட்டிய தாய்மார்களே! ப்ளம் ஃபோர்க் கல்லூரிப் பேஸ்பால் அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளனாக இருபத்தாறு ஆண்டுகள் உங்கள் பொறுமையைச் சோதித்த மெர்ல் ஸ்வோபோடாவின் வணக்கம்!

என்ன ஜீன்? "சுருக்கமா முடி மெர்ல், பசிக்குது" என்கிறீர்களா? உங்கள் இரும்புக்கடையில் ஒரு ஆணி வாங்க வந்தால் முக்கால் மணி நேரம் நிற்கவைத்துப் பேசுகிறீர்கள். அதில் பாதி நேரம் இன்று எனக்குக் கடன் கொடுங்கள். முட்டைக்கோசு ரொட்டி எங்கேயும் ஓடிவிடாது. வாசலில் என் மனைவி காவல் இருக்கிறாள்.

அன்பர்களே! எப்படிப்பட்ட பருவம் இது! தெற்கே போனோம், தோற்றோம். மேற்கே போனோம், தோற்றோம். சரி, வெளியூர் மண் நமக்கு ஒத்துவரவில்லை, வீட்டிலே விளையாடுவோம் என்று வந்தோம். வீட்டிலும் தோற்றோம்! பனியிலே பயிற்சி, பஸ்ஸிலே படிப்பு, பாதி வழியிலே பஞ்சர். பதினொரு ஆட்டம், பதினொரு தோல்வி! அந்த நாட்களில் ஊர்க் காபிக்கடையில் என்னைப் பார்த்ததும் எல்லோரும் மக்காச்சோள விலையைப் பேசத் தொடங்கினார்கள். அவ்வளவு இரக்கம் என் மேல்.

பன்னிரண்டாவது ஆட்டத்தில் வென்றோம். எப்படி வென்றோம் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக ஆறு. ஏப்ரல் கடைசியிலே, முப்பத்தோரு ஆண்டுகளாக மண்டலப் போட்டியின் வாசலை மிதிக்காத ப்ளம் ஃபோர்க், ஒரே ஒரு வெற்றி தூரத்தில் நின்றது! கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டுத் தட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.

அந்தச் சனிக்கிழமையை இந்தக் கூடத்தில் அறியாதவர் யார்? ஹார்ட்வெல் கல்லூரி வந்திருந்தது. வென்றால் மண்டலப் போட்டி, தோற்றால் வீடு. பந்து வீசியவன் டால்டன் ஓஸ்டர்மான். அதோ, வலது முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்றாவது மேசையில் இருக்கிறானே, அவன்தான். அவன் வீச்சைப் பிடித்தவன் கேட்சர் லேன் குசேரா. அவன் எங்கே? கடைசி மேசையில், கதவோரம். ஏன் கதவோரம்? அதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம். முதல் இன்னிங்ஸ், ஹார்ட்வெல்லுக்கு ஒரு ஹிட் இல்லை, பந்தை அடித்துத் தளத்துக்கு ஓடிச் சேர்ந்தவன் ஒருவன்கூட இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது, இல்லை! நான்காவது முடிந்தபோது டக்அவுட்டில், நாங்கள் உட்காரும் அந்தப் பெஞ்சுக் கொட்டகையில், நம் வழக்கம் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவன் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசிக்கொண்டிருந்தால் அவனோடு பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. அந்த விஷயத்தை வாயால் சொல்லவே கூடாது. சொன்னால் கண்பட்டுவிடும், அடுத்த பந்திலேயே ஹிட் போய்விடும். இதை நாம் யாரிடமும் படிக்கவில்லை, தாய்ப்பாலோடு குடித்தோம்.

எனக்கு நாலாவது இன்னிங்ஸிலிருந்தே கழிப்பறை போக வேண்டும். நகர்ந்தேனா? நகரவில்லை! மூடநம்பிக்கையை ஞாயிறுதோறும் கண்டிக்கும் நம் பாதிரியார் தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தார். நேராக்கினாரா? சிரிக்காதீர்கள் ஐயா, நான் பார்த்தேன். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னிலை. பெஞ்சின் ஒரு முனையில் நாங்கள் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். மறு முனையில் டால்டன், தன்னந்தனியாக. நடுவே ஒரு மாட்டு வண்டி போகும் அளவுக்கு வெற்றிடம்.

ஏழாவது இன்னிங்ஸில் ஹார்ட்வெல் ஆடி முடித்து நம் முறை வந்தது. கேட்சர் கவசத்தைக்கூடக் கழற்றாமல் லேன் எழுந்தான். அந்த வெற்றிடத்தைக் கடந்தான். டால்டன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் கர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய் குசேரா, எந்திரிடா! எந்திரிச்சு வாடா இங்க!" என்றார். லேன் காதில் வாங்கவில்லை.

"டால்டன், கை எப்படிடா இருக்கு?"

"போடா அந்தப் பக்கம். கெடுத்துராத."

"ஹிட் கெடக்கட்டும்டா. நீ வீசுறது எல்லாம் முழங்காலுக்குக் கீழ வருது. கையக் காட்டு."

டால்டன் கையை நீட்டினான். பிறகு சொன்னான்: "சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போச்சு. அஞ்சாவது இன்னிங்ஸ்லேர்ந்து."

"அஞ்சாவதுலேர்ந்தா? ஏன்டா சொல்லல?"

"யாரு பக்கத்துல வந்தீங்க, சொல்றதுக்கு?"

அன்பர்களே! இருபத்தாறு ஆண்டுகள்! எத்தனை வசவு கேட்டிருக்கிறேன், எத்தனை நடுவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்! எதுவும் என்னை இப்படி அடித்ததில்லை. யாரு பக்கத்துல வந்தீங்க?

அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். லேன் போய்ச் சொன்னான், கர்ட் டால்டனை வெளியே எடுத்தார், இன்னொருவன் வீச வந்தான். எட்டாவதில் முதல் ஹிட் போனது. ஒன்பதாவதில் இரண்டு ஓட்டம் போனது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த இன்னொருவன் பெயரைச் சொல்ல மாட்டேன். அவன் நன்றாகத்தான் வீசினான், எதிரி அதைவிட நன்றாக அடித்தான். அதில் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் நாம் குற்றவாளியைத் தேடினோம், கண்டும் பிடித்தோம்! "குசேரா வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நாம இப்போ மண்டலத்துல இருந்திருப்போம்." இதைச் சொல்லாத வாய் எது இந்த ஊரில்? பெட்ரோல் நிலையத்தில் சொன்னோம். தேவாலயப் படிக்கட்டில் சொன்னோம். தானியக் கிடங்கில் லேனின் தந்தை வரிசையில் நிற்கும்போதே, அவர் காதுபடச் சொன்னோம். அவன் வண்டிக் கண்ணாடியின் மேல் யாரோ ஒரு சுருள் ஒட்டுநாடா வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாயில் ஒட்டிக்கொள்ளவாம்! ஐந்து வாரம். ஐந்து வாரமாக அந்தப் பிள்ளையிடம் இந்த ஊர் பேசவில்லை. அவன் என்ன செய்தான்? எவனையும் திருப்பித் திட்டவில்லை. போன செவ்வாய்க்கிழமை வேறு கல்லூரிக்கு மாற விண்ணப்பம் போட்டுவிட்டான்.

மருத்துவர் முழங்கையைத் திறந்து பார்த்தார். தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. "இன்னும் ரெண்டு இன்னிங்ஸ் வீசியிருந்தா என்ன ஆகியிருக்கும் டாக்டர்?" என்று கேட்டேன். "பேஸ்பால விடுங்க. முள்கரண்டியப் பிடிக்கிறதே சந்தேகம்தான்" என்றார்.

இப்போது நான் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் மனைவிக்கும் சொல்லவில்லை. வாசலில் நிற்கிறவளே, நீயும் கேள்.

அன்று ஆறாவது இன்னிங்ஸில் டால்டன் தண்ணீர்ப் புட்டியைத் திறக்கப் பார்த்தான். வலது கைக்கு வரவில்லை. பல்லால் கடித்துத் திறந்தான். அதை நான் பார்த்தேன். பார்த்தேன்! என் வேலை என்ன? அவன் கை! கர்ட்டுக்கு ஆட்டம், லேனுக்குப் பந்து, எனக்கு அவன் கை. பார்த்தவன் என்ன செய்தேன்? முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பிடி சூரியகாந்தி விதையை வாயில் போட்டுக்கொண்டேன். கண்பட்டுவிடுமாம்! அறுபத்து மூன்று வயது ஆள் அஞ்சி உட்கார்ந்திருந்தேன். இருபது வயதுக்காரன் எழுந்து போனான். தோற்றதற்கு அவனைத் திட்டினீர்கள். கேட்காமல் இருந்ததற்கு என்னைத் திட்டியிருக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு வெட்கக்கேடு, இந்த ஐந்து வாரமும் நீங்கள் அவனைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு அதே காபிக்கடையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தேன்.

லேன்! நான் கேட்க வேண்டியதை நீ கேட்டாய். நான் செய்ய வேண்டியதை நீ செய்தாய். எனக்கு விழ வேண்டிய அடியை நீ வாங்கினாய். என்னை மன்னித்துவிடு என்று ஊரறியக் கேட்கிறேன். நீ போவதென்றால் போ, தடுக்க எனக்கு முகமில்லை. ஆனால் தலை நிமிர்ந்து போ.

இன்னொன்றும் ஊரறியச் சொல்கிறேன். அடுத்த பருவம் முதல் ஒவ்வோர் இன்னிங்ஸிலும் வீசுகிறவன் பக்கத்தில் போய் உட்காருவேன். ஹிட் கொடுத்திருந்தாலும் உட்காருவேன், கொடுக்காவிட்டாலும் உட்காருவேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்பேன். கண் பட்டால் படட்டும்! பேர் போனால் போகட்டும்! ஆட்டம் போனால் போகட்டும்! ஒரு தாய் பெற்ற பிள்ளையின் கை போகக் கூடாது!

ஜீன், என்ன இது, தொப்பியைக் கழற்றிவிட்டீர்கள்?

மூன்றாவது மேசையில் யாரோ எழுந்திருக்கிறார்கள். டால்டனின் தாயார். சொல்லுங்கள் அம்மா. உரக்கச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லையாம். சரி, நானே ஒலிபெருக்கியில் சொல்கிறேன். லேனைப் பார்த்துச் சொல்கிறார்:

"தம்பி, நேத்து காலைல அவனே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டான். அந்தக் கையாலேயே. ஏழு பொத்தானும். ஒண்ணுக்குக்கூட என்னைக் கூப்பிடல."

என் கையில் இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இதோ மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். தலைவருக்கும், தாய்மார்களுக்கும், இவ்வளவு நேரம் பசியோடு பொறுத்திருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. கதவோரம் அந்தக் கடைசி மேசையில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கிறான். சாப்பிடப் போவதற்கு முன்னால், ஒவ்வொருவராகப் போய் அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். முதலில் நான் போகிறேன். வணக்கம்.