ஸ்வர்ணலதா தள்ளி இருந்த அறை

என் பெயர் திரிபுரசுந்தரி. வயது முப்பத்தெட்டு. மட்டாஞ்சேரி அரிசிக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். கணவர் வெங்கிடாசலம் மிளகு மண்டியில் கணக்கெழுதுகிறார். இறந்துபோன ஸ்வர்ணலதா என் மூத்த மகள். பதினாறு வயது, காலேஜில் பிரீடிகிரி முதல் வருஷம். எனக்கு மலையாளம் பேச வரும். ஆனாலும் இதைத் தமிழில்தான் சொல்ல முடியும் என்பதால், தமிழ் தெரிந்த ஏட்டு பிச்சுமணி எழுதுகிறார்.

எங்கள் வீட்டில் மாதவிலக்கான பெண்கள் மூன்று நாள் பின்கட்டு அறையில் தள்ளி இருப்பது வழக்கம். அவர்கள் துணியை அவர்களே துவைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருவோம், யாரும் தொடமாட்டோம். என் மகள் மாதாமாதம் தேதி தவறாமல் போய் உட்கார்ந்தாள். அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கடைசி மூன்று மாதம் ஒன்றுமில்லாமலே போய் உட்கார்ந்திருக்கிறாள் என்பது செத்த பிறகுதான் தெரிந்தது.

இந்தத் திங்கட்கிழமை காலை, விலக்கு என்று சொல்லிப் பின்கட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு மதியம் நான் வைத்த சாதம் அப்படியே இருந்தது. வயிற்றுவலி என்றாள். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் என்று சுக்குக் கஷாயம் வைத்தேன். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை என் இளைய மகள் ஜெயலக்ஷ்மி, பதினொரு வயது, அக்கா உதடு வெளுத்திருக்கிறது என்று சொல்லி உள்ளே ஓடப் பார்த்தாள். நான் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து, தீட்டு என்று திட்டினேன். அன்று சாயங்காலம் பெரியவள் கதவருகில் ஊர்ந்து வந்து, "தணுக்கறது அம்மா. ஒண்ணு தொட்டுப் பாரேன்" என்றாள். நான் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். "நாலாம் நாள் குளிச்சுட்டு வா, மடியிலயே போட்டுக்கறேன்" என்று சொல்லிக் குளிருக்குக் கம்பளியை எறிந்தேன்.

அதற்குப் பிறகு புதன்கிழமை காலை கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கணவர்தான் உள்ளே போய்த் தூக்கினார். பாயெல்லாம் ரத்தம். பக்கத்துக் கடை பஷீரின் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், வழியிலேயே உயிர் போய்விட்டது. கர்ப்பம் கலைய யாரோ கொடுத்த எதையோ தின்றிருக்கிறாள், செவ்வாய்க்கிழமை கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டரம்மா சொன்னார். இப்போதெல்லாம் இந்த வயசுப் பெண்கள் இப்படி அடிக்கடி வருகிறார்கள், வீட்டில் யாரும் கவனிப்பதில்லை என்றும் சொன்னார். அடிக்கடி வருகிறார்கள் என்றால் அதை ஏன் எங்கள் காதில் ஒருவரும் போடவில்லை என்று கேட்டேன்.

அந்தப் பையன் யார், மருந்து கொடுத்தது யார் என்று எஸ்.ஐ. திரும்பத் திரும்பக் கேட்கிறார். தெரியாது. தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன், இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன். என்னிடம் சொல்ல அவளுக்கு மூன்று மாதம் இருந்தது. சொல்லவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் சொல்லப் பயந்தாள் என்றால் நான் எப்படிப்பட்ட தாய் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள். வாசித்துக் காட்டினார்கள், கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் என் வலது கையை ஜெயலக்ஷ்மி நேற்றிலிருந்து விடவில்லை, விடுவிக்க எனக்கும் மனசில்லை. அதனால் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

மட்டாஞ்சேரி, 13-9-1979
(இடது பெருவிரல் ரேகை) திரிபுரசுந்தரி