ரங்கன் ஆடுவான்

இல்லம்மா, நீ மேல போவாத. படி ஏறி எறங்கி எதுக்கு பேஜாரு? தனபாலன் சாரே இங்க வருவாரு. மேட்ச் அன்னிக்கு ஆடறவங்க லிஸ்ட்ட எடுத்துக்கினு மேட்ச் கமிஷனர் ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி, இந்த பிசியோ ரூமுக்கு வந்து உன் கையால ஃபிட் பேப்பர வாங்கிக்கினுதான் போவாரு. நம்ம கிளப்புல அதான் வழக்கம். நாலரைக்கு மேட்ச்சு. மூணேகாலுக்குள்ள லிஸ்ட் போவணும். டைம் கீது, குந்து.

அந்த ஸ்டூலு ஆடும், இதுல குந்து. நான் கதவாண்ட நின்னுக்கிறேன். சாத்திடறேன், ஏசி வெளிய போவுது பாரு. அந்த ஒரு லைட்ட அணைச்சிக்கவா? எனக்கு டியூப்லைட்டு வெளிச்சம் ஆவாதும்மா, கண்ண குத்தும். ரொம்ப வருசமா அப்டித்தான்.

இன்னா எழுதிக்கீற, காட்டு. அட காட்டும்மா, துன்னுடவா போறேன்? ரங்கன், கோல்கீப்பர், ஃபிட் இல்ல. சர்தான். வேலைல சேந்து எட்டு நாளு, மொதோ மேட்ச்சுலயே மெயின் கீப்பர தூக்கிட்டியே டாக்டரம்மா! தப்புன்னு சொல்லல. உன் வேல அது. கீழ கையெழுத்து மட்டும் இன்னும் போடல போலகீதே. சார் வந்தப்புறம் அவர் எதிர்லயே போடறியா? போடு, போடு. நல்லதுதான்.

ஆமா, வியாழக்கெழம ப்ராக்டிஸ்லதான். போஸ்ட்டுல மண்டைய இடிச்சிக்கினான். பந்து அடிச்சது நான்தான். நான் கீப்பிங் கோச்சு, நான் அடிக்காம வேற யாரு அடிப்பா? விழுந்தான், எழுந்தான், தண்ணி குடிச்சான். ரெண்டு நிமிசம் எந்த ஊர்ல கீறோம்னு தெரியல, அவ்ளோதான். காத்தால வாந்தியா? அத யாரு உன்னாண்ட சொன்னது? அவனேவா? ம். நாஸ்தாவுக்கு வடகறி துன்னான், அது சேராம போயிருக்கும்.

செல்போன தேடாதம்மா. பஸ்ஸ வுட்டு எறங்கும்போதே பைல போட்டுட்டியே, மறந்துட்டியா? மேட்ச் அன்னிக்கு எல்லார் போனும் ஒரே பைல, பை ட்ரைவர் சீட்டு கீழ. தனபாலன் சார் போட்ட ரூலு. மேட்ச் முடிஞ்சாதான் கைக்கு வரும். பழகிடும்.

இந்த எட்டு நாள்ல உனக்கு யாரு இன்னான்னே தெரிஞ்சிருக்காது. நம்ம கிளப்புல யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்கோ. சார் வர்றவரிக்கும் நானே சொல்றேன் கேளு.

தனபாலன் சாரு கீறாரே, நம்ம ஹெட் கோச்சு, அவங்க பூர்வீகம் திருநவேலி பக்கம். டி.நகர்ல பெரியப்பா துணிக்கடை. பத்தாவது முடிச்சதும் கடைல புடவ மடிக்கக் குந்த வெச்சாங்கோ. சாயங்காலம் ஆனா கடைய டபாய்ச்சிட்டு சோமசுந்தரம் கிரவுண்டுல பந்து ஆடுவாரு. ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னாடி நின்னு தடுக்கறவரு. அவர் நின்னாருன்னா ஃபார்வேர்டு எவனும் அந்தப் பக்கம் வர மாட்டான். அந்தக் கடைப் பழக்கம் மட்டும் இன்னும் போவல. கத்தவே மாட்டாரு, கவனிச்சியா? ஒருத்தனாண்டயும் நீ ஆடுன்னு சொல்ல மாட்டாரு. உனக்கு எது தோணுதோ செய்யிப்பா, என் மனசுல ஒண்ணுமில்லன்னு சிரிச்சிக்கினே சொல்லுவாரு. கடசில அவர் நெனச்சதுதான் நடக்கும். இன்னொண்ணு பாத்துக்கோ. எந்தப் பேப்பர்லயும் அவர் கையெழுத்து இருக்காது. எல்லாம் மத்தவங்க கையெழுத்துதான்.

சண்முகவேலு, ஃபிட்னெஸ்ஸு. பட்டாளத்துல இருந்து வந்தவரு. கொட்டிவாக்கம் மணல்ல பசங்கள ஓட வுடுவாரு பாரு, பாக்கற நமக்கே மூச்சு வாங்கும். நல்ல மனுசன். ஆனா உடம்பு சொல்றத நாம கேக்கக்கூடாது, நாம சொல்றததான் உடம்பு கேக்கணும்னு ஒரு கொள்க. வார்ம்-அப்ல ஒருத்தன் தள்ளாடறான்னு வெச்சிக்கோ, ஷூ சரியில்ல, வேற ஷூ போடுறான்னுவாரு. நீ போய் அவராண்ட ரங்கனுக்குத் தல சுத்துதுன்னு சொல்லிப் பாரேன். உன்னியே ரெண்டு ரவுண்டு ஓட வுடுவாரு.

அப்பால ஜஹனாரா. வீடியோ பாக்கறது அதான். ராயப்பேட்டை பொண்ணு, இன்ஜினீயரிங் படிச்சிது. மேல கேமராவ மாட்டிக்கினு, எவன் எங்க நின்னான், எத்தினி தபா திரும்பிப் பாத்தான்னு எல்லாம் கம்ப்யூட்டர்ல எட்த்துக் குடுக்கும். அது கண்ணுல இருந்து எதுவும் தப்பாது. உன் கூட சிநேகமா பேசுதா? பேசும். முருகன் விஷயம் மட்டும் கேட்டுடாத. அந்த மேட்ச்சு வீடியோல அறுவதாவது நிமிசத்துல இருந்து பத்து நிமிசம் இல்ல. சார் கேட்டாரு, குடுத்துடுச்சு. அதுல இருந்து அது கேன்டீன்ல கூட எங்க கூட குந்தறதில்ல.

எந்த முருகனா? உன்னிய வேலைக்கு எடுக்கும்போது ஒருத்தரும் சொல்லலியா? சொல்ல மாட்டாங்கதான்.

போன சீசன்ல நம்ம டீம்ல டிஃபென்ஸ் ஆடினவன். கோடம்பாக்கத்துப் புள்ள, அப்பா ஸ்டூடியோல லைட்மேனு. ஒரு மேட்ச்சுல இன்னொருத்தன் மண்டையும் இவன் மண்டையும் மோதிக்கிச்சு. நாலு நாள் கழிச்சு அடுத்த மேட்ச்சு, செமி ஃபைனலு. அப்ப பிசியோ லாவண்யா. மயிலாப்பூர் பொண்ணு, எங்காத்துல இப்டி, எங்காத்துல அப்டின்னு பேசிண்டே இருக்கும். நாங்க ரொம்ப கலாய்ப்போம், அதுவும் சிரிக்கும். ஆனா வேலைல கறார். முருகன ஆட வுட மாட்டேன்னிச்சு. நீ குந்திக்கீற பாரு, இதே சேர்லதான். ஒரு அடி ஆறதுக்கு முன்னாடி மூளைல இன்னொரு அடி பட்டா ஆளே போயிடுவான்னு கைய கைய ஆட்டிச் சொல்லிச்சு.

அப்பால இன்னா, ஃபிட் பேப்பர்ல கையெழுத்து இருந்திச்சு. முருகன் ஆடினான். அறுவதாவது நிமிசம், யாரும் இடிக்கல, ஒண்ணும் இல்ல, ஹெட் பண்ண எகிறினான், அப்டியே வந்து வுழுந்தான்.

சாவல, சாவல. நல்லாத்தான் கீறான். போன மாசம் கூட போய்ப் பாத்துட்டு வந்தேன். ஷூ மாட்டிக்கினு கட்டில்ல குந்திக்கீறான். பொண்டாட்டியாண்ட மேட்ச்சு எத்தினி மணிக்குன்னு கேக்கறான். நாலரைக்குன்னு அது சொல்லுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேக்கறான். அதுவும் மறுபடியும் நாலரைக்குன்னு சொல்லுது. நான் ஒரு மணி நேரம் இருந்தேன். எனக்கு தாங்கல, எந்திரிச்சி வந்துட்டேன்.

விசாரணை வெச்சாங்கோ. சார் போனாரு, சண்முகவேலு போனாரு, நானும் போனேன். எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டாங்கோ, ஃபிட்டுன்னு எழுதினது யாரு? பேப்பர்ல யாரு பேரு கீதோ அவங்கதான். லாவண்யா நான் போடவே இல்ல, போடவே இல்லன்னு அழுதிச்சு. யாரு நம்பறா? இப்ப அசோக் நகர்ல ஒரு கிளினிக்குல வயசானவங்களுக்கு முட்டி பாக்குதாம். நம்ம போன எடுக்கறதில்ல.

பயமுறுத்தல. சொல்லி வைக்கறேன்.

நானா? நான் இன்னா பெரிய ஆளு. சீனிவாசபுரம் குப்பம். அப்பா கடலுக்குப் போவாரு, அம்மா பட்டினப்பாக்கத்துல மீன் விக்கும். சின்ன வயசுல இருந்தே கை உறுதி. இருவத்தஞ்சு வயசுல ஆபீஸ் டீமுக்கு நான்தான் மெயின் கீப்பரு. ஏசுராஜ் நின்னா கோல் கெடையாதுன்னு அப்ப பேப்பர்ல போட்டான், எங்கயோ வெச்சிக்கீறேன். அந்த வருசம் ஒரு மேட்ச்சுல இதே மாதிரிதான், போஸ்ட்டுல மண்ட. டாக்டரு சொன்னாரு, ஒரே ஒரு மேட்ச்சு ரெஸ்ட் எடு தம்பின்னு. நானும் நல்ல புள்ளயா எட்த்தேன். எனக்கு பதிலா உள்ள போனவன் அன்னிக்கு ஒரு பெனால்டி புடிச்சான். அவன் பதினோரு வருசம் ஆடினான்மா. பதினோரு வருசமும் நான் அவனுக்குத் தண்ணி பாட்டில் வெச்சிக்கினு பெஞ்சுல குந்திக்கினு இருந்தேன்.

உனக்கு இது புரியாது. ஃபார்வேர்டுக்கு எழுவதாவது நிமிசத்துலயாவது எறங்க சான்ஸ் வரும். கீப்பருக்கு இடம் ஒண்ணுதான். அதுல ஒருத்தன் குந்திட்டான்னா குந்திட்டான்தான். அப்புறம் ப்ராக்டிஸ்ல மூணு தபா மண்ட இடிச்சிக்கினேன். ஒருத்தனாண்டயும் சொல்லல. எதுக்கு சொல்லணும்? இப்ப நல்லாத்தான கீறேன்! லைட்டு ஆவாது, சில நேரம் ஆளு ரெண்டு ரெண்டா தெரியும், அவ்ளோதான். உன்னியும் இப்ப ரெண்டாத்தான் பாக்கறேன், சிரிக்காத.

நீ சிரிக்கல. சரி.

ரங்கன் எனக்கு யாருன்னு உனக்குத் தெரியுமா? என் பொண்ணு ஜெனிதாவக் கட்டினவன். மருமவன். கொட்டிவாக்கம் குப்பத்துல இருந்து பன்னண்டு வயசுல அவன இட்டாந்து கிளவுஸ் மாட்டி வுட்டது நானு. ஜெனிதா ஏழு மாசம். மேல கேலரில மூணாவது வரிசல தொப்பி போட்டுக்கினு குந்திக்கீது. என் பொண்ணு தாலிய நான் அறுப்பனா? நீயே சொல்லு. நாலு நாள் ரெஸ்ட் எட்த்தாச்சி, வேற எவனுக்காவது இருந்தா நானே உன் பக்கம் நின்னு பேசுவேன்.

ஆனா இன்னிக்கி வேற. இந்தியா கேம்ப்புக்கு ஆள் எடுக்கறவங்க ரெண்டு பேர் மேல வந்து குந்திக்கீறாங்கோ. கீப்பரப் பாக்கறதுக்குன்னே வந்துகீறாங்க. நம்ம ரெண்டாவது கீப்பரு அஸ்வின் கீறானே, பத்தொம்பது வயசு, ஆறடி ரெண்டங்குலம், கைய தூக்கினா கிராஸ்பாருக்கு மேல போவுது. அவனுக்கும் நான்தான் சொல்லிக் குடுக்கறேன். எனக்குத் தெரியும் அவன் எப்டின்னு. இன்னிக்கு ஒரே ஒரு நாளு அவன் கைல கிளவுஸ் போச்சின்னா, என் மருமவன் கதை முடிஞ்சிது. வூட்டுல வந்து என்னிய மாதிரி குந்திடுவான். ராவெல்லாம் சுவரப் பாத்துக்கினு. அந்த வாழ்க்க உனக்குத் தெரியாதும்மா. அதுக்கு மண்ட ஒடையறதே மேலு.

அப்டி பாக்காத. எனக்கு ஆசையா இன்னா?

தெரியும். ரெண்டாவது அடி. நீ சொல்ல வேணாம், லாவண்யா படம் வரஞ்சே காட்டிச்சி. மூள வீங்கும், பத்து நிமிசம் கூட தாங்காது. தெரியும்னு சொல்றேன்ல? அதுக்கோசரம்தான் ஸ்டாப்பருங்க ரெண்டு பேராண்டயும் சொல்லி வெச்சிக்கீறேன், கார்னர்னா இவன எகிற வுடாதீங்கடா, நீங்களே தலயால முட்டி வெளிய தள்ளுங்கடான்னு. என்னால ஆனது அதான்.

இன்னாது? ஆமா, ஷூ சத்தம்தான். வார்ம்-அப்புக்குப் போறானுங்க. பந்து கம்பத்துல படுது பாரு, டங்குனு. யாரோ அடிக்கறான்.

எங்க எந்திரிக்கிற? சாரு எங்கன்னா கேக்கற? சாரு வர மாட்டாருமா. மேல போயி லிஸ்ட்ட குடுத்துட்டு இந்நேரம் கிரவுண்டாண்ட நிப்பாரு. மூணு பத்துக்கே குடுத்துட்டாரு. இப்ப மூணு முப்பத்தஞ்சு.

அந்த பேப்பர கசக்காத, அது கெடக்கட்டும், யாருக்கும் வேணாம். ஃபைல்ல எழுதாத பேப்பர் இன்னொண்ணு இருந்திச்சு. காத்தாலயே எழுதி சாராண்ட குடுத்துட்டேன். அவர் படிச்சிக்கூடப் பாக்கல. ரங்கன், ஃபிட். கீழ உன் கையெழுத்து.

ரெஃபரியாண்ட போய்ச் சொல்றியா? போய்ச் சொல்லு, கதவ வுட்டு நவுந்துட்டேன் பாரு. ஏம்மா, கையெழுத்துப் போட்டு ஃபிட்டுன்னு அனுப்பிட்டு இப்ப வந்து இன்னாத்துக்கு அழுவறன்னு கேப்பாரு. நீ நான் போடவே இல்லம்ப. அத லாவண்யா சொல்லியே இங்க எல்லாரும் கேட்டாச்சு.

வா, உன் பைய நான் தூக்கிக்கினு வரேன். ஐஸு நெறய போட்டுக்கோ. உன் கையெழுத்து ரொம்ப சுளுவும்மா, மதுமதின்னு அழகா தமிழ்லயே போட்டுடற, ஒரே தபாவுல வந்துடுச்சி. லாவண்யாதுதான் பேஜாரு. இங்கிலீசுல சுழிச்சி சுழிச்சிப் போடும், முருகனுக்கு நாலு பேப்பர் கிழிச்சேன்.