காவேரிக்கான பக்கம்

மோடம் இணைப்பைப் பிடிக்கும்போது எழுப்புகிற கீச்சொலி எனக்குப் பிடிக்கும். கல்லூரிப் பேருந்துகள் வருவதற்கு முன்பே நூலகத்தைத் திறந்து, அதைக் கேட்டபடி டீ குடிப்பேன். பிறகு அன்றைய மின்னஞ்சல்கள் வந்து இறங்கும்: ஆய்விதழ்களின் பொருளடக்கம், கருத்தரங்குச் செய்திகள், மேற்படிப்பு அறிவிப்புகள்.

ஒவ்வொரு மாணவருக்கும் கணிப்பொறியில் தனிப் பக்கம் என்பது நூலகரான என் யோசனைதான். 1998இல் ஓசூர்ப் பக்கம் வேறெந்தக் கல்லூரியிலும் அப்படி ஒன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. கணிப்பொறித் துறை பாஸ்கரன் சார் நிரல் எழுதினார். யாருக்கு எது போக வேண்டும் என்ற கட்டளைகளை எழுதுவது என் பொறுப்பு. மாணவர் தன் பெயரைத் தட்டினால் திரை அவரைப் பெயர் சொல்லி வரவேற்கும். கீழே அவர் கேட்டிருந்த துறையின் செய்திகள் மட்டும் இருக்கும்.

பிள்ளைகள் அதை நம்பினார்கள். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒன்றை யாரும் சந்தேகப்படுவதில்லை. வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்காமல் போனதால் அதைக் கழற்றச் சொன்னேன்.

காவேரி, எங்கள் நூலகத்தைப் பெருக்கும் கெம்பம்மாவின் மூத்த மகள். பாகலூர்க்காரர்கள். கடைசி ஆண்டு வகுப்பில் மற்ற எல்லோரும் தொழிற்சாலை வேலை கேட்டிருக்க, அவள் ஒருத்திதான் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்பு கேட்டிருந்தாள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் வேப்பனப்பள்ளித் தாய்மாமனோடு கல்யாணம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

"ஏன் மேடமு, அந்தப் பொட்டியில எம் பொண்ணுக்கு ஏதாச்சும் வந்துச்சா?" என்று கெம்பம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்பாள். "எந்தம்பி வேற குதிக்கறான். மாந்தோப்புக் காவலுக்கு நாய் வாங்கிட்டானாம், இனி சோறாக்கப் பொண்டாட்டிதான் பாக்கியாம்."

"நாயையே ஆக்கிப் போடச் சொல்லும்மா," என்பாள் காவேரி. "வந்தா எம் பேர்லதான் வரும். மேடம் பாத்துக்குவாங்க."

பார்த்துக்கொண்டேன்.

என் மகள் ராஜாத்தியும் பெங்களூருக்குப் படிக்கப் போனவள். விண்ணப்பத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தவளே நான்தான். விடுதியில் காய்ச்சலோடு கிடந்தவளை யாரும் கவனிக்கவில்லை. அவளைக் கொண்டு வந்தபோது அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் வண்டியை மறித்த போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழிவிட்டார்.

காவேரியும் சாப்பாட்டை மறந்து படிக்கிறவள். உடம்புக்கு வந்தால் யாரிடமும் சொல்லமாட்டாள். அதனால் அவளுக்கான கட்டளைகளில் ஒரு வரி சேர்த்தேன். விடுதி என்ற சொல் இருக்கும் எதுவும் அவள் பக்கத்துக்குப் போகக் கூடாது.

ஜனவரியில் அந்த அறிவிப்பு வந்தது. விடுதி உண்டு, உதவித்தொகை உண்டு. அது என் மேசையோடு நின்றது. அதே விளம்பரம் வந்த நாளிதழை பைண்டிங்குக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன். அவள் பக்கம் வெறிச்சென்று இருக்கக் கூடாதே என்று நல்ல கட்டுரைகளாகத் தேடித் தேடிப் போட்டேன். வேறு எந்தப் பிள்ளைக்கும் நான் அவ்வளவு செய்ததில்லை.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் காவேரி வந்தாள்.

"மேடம், இந்த வருஷம் அவங்க கூப்பிடவே இல்லீங்களா? நேர்ல போய்க் கேட்டுட்டு வரட்டுங்களா?"

"எதுக்கு அலையற? வந்திருந்தா உன் பக்கத்துல இருந்திருக்காதா?"

தன் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பார்த்தாள். "அதுவும் சரிதாங்க மேடம்," என்று பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நல்ல பட்டுப் புடவையாக எடுத்துக் கொடுத்தேன். மறுவருஷம் மாங்காய் இறங்கும் பருவத்தில் தோப்புக் கிணற்றிலிருந்து அவளை எடுத்தார்கள். தண்ணீர் சேந்தப் போய்த் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவள் கீழே பார்த்து நடக்கிறவள் இல்லை.

சென்ற மாதம் எல்லாவற்றையும் புதுக் கணிப்பொறிக்கு மாற்றும்போது பாஸ்கரன் சார் அந்த வரியைப் பார்த்துவிட்டார். அவர் கேட்டதும் நான் மறைக்கவில்லை. கெம்பம்மாவுக்கும் அவர்தான் சொன்னார். அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"அப்ப வந்துச்சா மேடமு?" என்றாள்.

"வந்தது," என்றேன்.

விசாரணைக் குழுவினர் கேட்டபடி, நடந்ததை நடந்தபடியே எழுதிவிட்டேன். எந்த முடிவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். கெம்பம்மாவின் இளைய மகள் சென்னம்மாள் இந்த ஆண்டு இங்கே சேர்ந்திருக்கிறாள். அவளும் பெங்களூரைத்தான் கேட்டிருக்கிறாள். அவளுக்கான கட்டளைகளிலும் அதே வரியை எழுதி வைத்திருக்கிறேன். என்னை நீக்குங்கள், அந்த வரியை நீக்காதீர்கள். அந்தக் குடும்பம் இன்னொரு பெண்ணையும் பறிகொடுக்கக் கூடாது.