எவரெட் பெல்க்கி ஏறிய எழுபத்து நான்கு படிகள்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரித் தலைவர் முனைவர் ஆல்பெர்க் அம்மையார் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, முதல் வரிசையில் கைக்குட்டையை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும் லொரெட்டா பெல்க்கி அம்மா அவர்களே, கடைசி வரிசையில் காலை உணவை இன்னும் மென்றுகொண்டிருக்கும் என் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்!

நான் ஹெட்டி லிண்ட்குவிஸ்ட், இரண்டாம் ஆண்டு. இந்த மேடையிலிருந்து நான் இக்கல்லூரி மாணவியாக இறங்குவேனா, மினசோட்டாவில் உள்ள என் வீட்டுக்குப் பேருந்து பிடிக்க இறங்குவேனா என்பது எனக்கே தெரியாது. காரணம் வரும், பொறுங்கள்.

முப்பத்தோரு ஆண்டுகள் இக்கல்லூரியின் காவலராக இருந்தார், லொரெட்டா அம்மாவின் கணவர், இன்று நாம் கூடி நினைவுகூரும் நம் எவரெட் பெல்க்கி. காவலர் என்றால் முறைப்பார்கள். எவரெட் முறைத்தாரா? முறைக்கும் முறையே அவருக்குத் தெரியாது! முந்நூற்று எண்பது பேரின் பெயரும் அவருக்குத் தெரியும். யார் அறைச் சாவியை எந்த மழைக்கோட்டில் மறப்பார்கள் என்பதும் தெரியும். நண்பகலில் மணிக்கோபுரத்தின் கீழ் நின்று கயிற்றை இழுத்து நம்மைச் சாப்பிட அழைத்தவர் யார்? எவரெட்! பேரிலேயே 'பெல்' இருக்கிறதே, வேறு யார் அடிப்பது?

சென்ற அக்டோபரில் அந்த மணியின் நாக்கைக் கட்டிவிட்டார்கள். நினைவிருக்கிறதா?

நினைவிருக்காமல் போகுமா! உணவுக்கூடத்தில் வாஃபிள் போடும் மாலை அது. ஊரே மேப்பிள் பாகில் மூழ்கியிருந்தது. எவரெட் கோபுர வாசலில் உட்கார்ந்திருந்தார். என் அறைத்தோழி மரிசோல் தலை நிறைய ஷாம்பு நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு விடுதி வாசலில் நின்று கத்தினாள்.

"எவரெட்! கதவு பூட்டிக்கிச்சு! கண்ணு எரியுது, சீக்கிரம் வாங்களேன்!"

"இந்த மாசத்துல இது நாலாவது தடவைம்மா! சாவியக் கழுத்துல கட்டிக்கோன்னா கேக்குறியா?" என்று புலம்பிக்கொண்டே அந்த நல்ல மனிதர் ஓடினார். அந்த இடைவெளியில் ஒருத்தி கோபுரம் ஏறினாள். எழுபத்து நான்கு படிகள். இரண்டு கம்பளிக் காலுறைகளால் மணியின் நாக்கை இறுக்கிக் கட்டினாள். மறுநாள் மதிய மணி ஊமையாக வேண்டும், எவரெட் திருதிருவென விழிக்க வேண்டும், நாங்கள் சிரிக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் மலை நாள் என்றைக்கு என்பது தலைவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அந்த மறுநாளையே தேர்ந்தெடுத்திருந்தார்! காலை ஏழு மணிக்கு மணி அடித்தால் வகுப்புகள் ரத்து, எல்லோரும் மலைக்கு. மணி அடிக்காவிட்டால்? வகுப்பு! எங்களுக்கோ வேதியியல் தேர்வு! தலைவர் கயிற்றை இழுத்தார். சத்தமில்லை. மறுபடி இழுத்தார். கிட்டத்தட்டத் தொங்கினார் என்று கேள்வி. மன்னியுங்கள் அம்மா.

எவரெட் என்ன செய்தார்? சமையலறைக்குப் போனார். ஒரு சூப் பானையையும் கரண்டியையும் எடுத்தார். தன் பேட்டரி வண்டியில் ஐந்து விடுதிகளையும் சுற்றிவந்து அடி அடியென்று அடித்தார்.

"மலை நாளு! மலை நாளு! எந்திரிங்க! வகுப்பு கிடையாது! பல்லு வெளக்காட்டியும் பரவால்ல, வாங்க!"

மரிசோல் ஜன்னலைத் திறந்தாள். "ஏண்டி, மணி ஏன் அடிக்கல?"

"அடிக்காதுடி," என்றேன் நான்.

ஆம் அவையோரே. அந்த ஒருத்தி நான்தான்.

மலை உச்சியில் தலைவர் அறிவித்தார்: இதைச் செய்தவர் தானாக வந்து சொல்ல வேண்டும், ஓராண்டு வீட்டுக்கு அனுப்பப்படுவார். தேர்வுக்குக்கூடக் கண்காணிப்பாளர் வைக்காத கல்லூரி இது. தப்புச் செய்தவர்தான் தன் பெயரைச் சொல்ல வேண்டும். நான் வாயில் டோனட்டை அடைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து என் அஞ்சல் பெட்டியில் அந்தக் காலுறைகள் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் என் அப்பா தைத்துக் கொடுத்த பெயர்ப்பட்டை! கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'மணிக்குக் குளிராது. உனக்குக் குளிரும்.'

ஓடினேன். "எவரெட், தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நான் சொல்லிட்டா நீ சொல்றதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

"சொல்றேன். அடுத்த வாரம்."

அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வண்டியை என் பக்கத்தில் நிறுத்துவார். "என்னம்மா, இது எந்த வாரம்?" என்பார். "அடுத்தது!" என்பேன். இருவரும் சிரிப்போம். பனி வந்தது, போனது. கோடை வந்தது. ஆகஸ்டில் எவரெட் நம்மை விட்டுப் போய்விட்டார்.

நேற்று லொரெட்டா அம்மாவைப் பார்க்கப் போனபோதுதான் மீதியைச் சொன்னார். "முழங்கால் ரெண்டும் ஆபரேஷன் பண்ணதுன்னு தெரியும்ல? அந்தப் படி ஏறி எறங்கிட்டு மூணு நாள் ஐஸ் வெச்சுப் படுத்திருந்தாரு. அப்பவும் ஒரே சிரிப்பு. 'லொரெட்டா, நல்லா இறுக்கமா முடிச்சுப் போடுது அந்தப் பொண்ணு'ன்னு."

நான் போட்ட முடிச்சை அவிழ்க்க எழுபத்து நான்கு படிகள் ஏறினாரே, அவருக்காக நான் ஒரு வாக்கியம் பேசவில்லையே! இன்று பேசிவிட்டேன்.

தலைவர் அவர்களே, தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். ஆனால் எவரெட் போனதிலிருந்து மதிய மணியை யாரும் அடிக்கவில்லை. நாமும் கைப்பேசியைப் பார்த்துத் தனித்தனியாகச் சாப்பிடப் போகிறோம். நான் இங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மணி அடிக்கும். அது ஒரே ஒரு நாளாக இருந்தாலும் சரி. இது உறுதி!

இப்போது நேரம் பதினொன்று ஐம்பத்தைந்து. சத்தம் கேட்டதும் எல்லோரும் சாப்பிடப் போங்கள். லொரெட்டா அம்மாவை முன்னால் விடுங்கள்.

நான் மணியை அடித்து, கயிற்றைக் கட்டி வைத்துவிட்டு, நேராகத் தலைவர் அறைக்கு வருகிறேன்.