தலை கேட்ட கேள்வி

மாலை ஆறேகால். கார்த்திகை மாதம். பகல் முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. உள்துறைமுக வீதியில் ஒரு சனம் இல்லை. மதிலோரம், ஊருக்குள்ளேயே திரிகிற மான்களில் இரண்டு மட்டும் நனைந்த புல்லை மேய்ந்துகொண்டு நின்றன.

அந்த வீதியால் ஒரு பெண் ஸ்கூட்டியில் வருகிறாள். பெயர் சிவாஜினி. என்னோடு வேலை செய்கிற யதுர்ஷனின் பெரியம்மா மகள். அவளுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். யதுர்ஷன் பொய் சொல்கிற ஆளில்லை... பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் கிட்ட வாருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சிவாஜினி தன் வேலைத்தலத்துக்கு முன்னால் ஸ்கூட்டியை நிறுத்தினாள். கதவில் பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. திறப்பை எடுத்துக் கையை நீட்டியவள்... அப்படியே நின்றாள்.

உள்ளே யாரோ கதைத்தார்கள்.

"இல்லை... இன்னும் வரேல்லை."

பிறகு சத்தமில்லை. கூரையிலிருந்து ஒரு சொட்டு... இன்னொரு சொட்டு...

"ஸ்கூட்டியிலதான்."

மறுபடியும் அமைதி. அடுத்த கேள்வியை யாரோ கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி ஒரு அமைதி.

"ஓம். தனியத்தான் வருவா."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அது தலையின் குரல்.

தலை என்றால் உண்மையாகவே ஒரு தலைதான். சிவாஜினியும் ஜவ்பர் என்பவரும் ஆறு வருடமாகக் கூட்டாக அந்த வேலைத்தலத்தை நடத்தி வந்தார்கள். மீன்பிடிப் படகுகளின் ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி, இவற்றைத் திருத்துவது தொழில். அந்த வருடம் நிலாவெளிப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு ஹோட்டல்காரர், வருகிறவர்களோடு தமிழில் கதைக்கிற இயந்திரத் தலை ஒன்று வேண்டும் என்று கேட்டார். வரவேற்பு மேசையில் வைக்க. இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

முகத்தை த்ரீ-டி பிரின்டரில் எடுத்தார்கள். மாவு வெள்ளை. கண்களுக்கு இரண்டு சின்ன மோட்டர், தாடைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஆட்டிவைக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகொன்ட்ரோலர். எதிரில் நிற்பவர் சொல்வதை மைக் பிடிக்கும். அது இணையத்தால் சாட்பொட்டுக்குப் போகும். அங்கிருந்து வருகிற பதில் ஸ்பீக்கரில் குரலாகும், அதற்கேற்பத் தாடை அசையும். கேட்டதும் சொன்னதும் நேரத்தோடு ஒரு மெமரி கார்டில் பதிவாகும். "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை "ஓம்" என்று சொல்லப் பழக்குவதற்கே ஜவ்பருக்கு இரண்டு கிழமை பிடித்தது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால்தான் அது பதில் சொல்லும். தானாக வாய் திறக்காது.

சிவாஜினி கதவைத் திறந்தாள். வழக்கமாக உள்ளே ஈயம் உருகிய மணம்தான் இருக்கும். அன்றைக்கு வேறு மணம். நனைந்த கயிறு... பழைய தார்... ஆள் யாருமில்லை. மேசையில் தலையின் சின்ன நீல வெளிச்சம் மட்டும் மினுங்கியது. வாசலைப் பார்க்க வைத்துவிட்டுப் போன தலை, கழுத்தைத் திருப்பிப் பின் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த யன்னலுக்கு வெளியே நிலம் கிடையாது. சுவர் நேரே துறைமுகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கரையோரமே ஆழம் என்பது உங்களுக்குத் தெரியும்தானே. அங்கே கால் ஊன்ற இடமில்லை.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். ஜவ்பர்தான்.

ஆவணி மாதத்திலிருந்தே அவர், "தங்கச்சி, கடையை ஜமாலியாவுக்கு மாத்துவம். என்ர வீட்டு முன்பக்கம் சும்மாதானே கிடக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்வதில்லை. தலையின் பாஸ்வேர்ட் தெரிந்தது இரண்டே பேருக்கு. எங்கேயாவது இருந்துகொண்டு போனிலேயே அதைப் பேசவைக்க அவரால் ஏலும். பயந்து அவளே இடத்தை விடட்டும் என்று பார்க்கிறார்... இப்படித்தான் அவள் மனம் ஓடியது.

ஜவ்பருக்குப் போன் எடுத்தாள். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள். "நானா, எங்க நிக்கிறீங்க?"

"மூதூர்ல. உம்மாவைப் பாக்க வந்தன். ஏன் தங்கச்சி?"

"சும்மாதான்."

அவருக்குப் பின்னால் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

மெமரி கார்டை எடுத்துக் கணினியில் போட்டாள். மூன்று பதில்களும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே, மைக் கேட்ட கேள்வியும் இருந்தது.

*வந்திட்டாளா?*

*எதில வருவாள்?*

*தனியவோ?*

இதையும் அவர்தான் எழுதிவிட்டிருப்பார் என்று நினைத்தாள். அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினாள். பூட்டையும் மாற்றினாள். லிங்கநகரில் வீட்டுக்குப் போய்க் கணவன் கஜீபனிடம் சொன்னபோது, அவன் சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தான்.

"ஆறு வருசமாப் பழகின மனுசன். முகத்துக்கு நேர கேளுமன்."

அவள் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை ஜவ்பர் வந்து திறப்பைப் பூட்டுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு வெளியே எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தட்டினார்.

"பூட்டு மாத்தியிருக்கு."

"ஓம்."

"எனக்குச் சொல்லேல்லை."

"மறந்து போனன்."

அன்று முழுக்க இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். பத்து மணிக்கு ஜவ்பர் தேத்தண்ணி போட்டார். தனக்கு மட்டும். ஆறு வருடத்தில் முதல் தடவை.

நாலு நாள் இப்படியே போனது. பாஸ்வேர்டை மாற்றியும் அதற்குள் தலை மூன்று தடவை கதைத்தது. புதியதையும் எப்படியோ எடுத்துவிட்டார் என்று நினைத்தாள். ஒருமுறை, வேலைத்தலத்தின் சமையல் மூலையில் அவள் தேத்தண்ணி வைக்கும்போது, "குசினிக்குள்ள நிக்கிறா." இன்னொருமுறை, "இல்லை, அவரும் வந்திட்டார்." ஒவ்வொரு தடவையும் அவள் சட்டென்று திரும்பி ஜவ்பரின் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் கையில் போன் இருந்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது போனையல்ல. அவளுடைய கையை.

ஐந்தாம் நாள் பின்னேரம் அவரே ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இன்னும் எத்தினை நாளைக்கு என்னைச் சோதிக்கப் போறீங்க?"

"நானோ? நீங்கதானே என்னை வெருட்டுறீங்க."

ஜவ்பர் கதிரையை அவள் பக்கம் திருப்பினார். பிறகு மெல்லச் சொன்னார். ஆவணியில் ஒருநாள் அவர் தனியே இருந்து வேலை செய்தபோது தலை, "இல்லை, ஜவ்பர் மட்டும்தான்" என்று சொன்னதாம். அதற்குப் பிறகும் பல தடவை.

"நீங்கதான் வீட்டில இருந்து வேவு பாக்கிறீங்க எண்டு நினைச்சன். நான் வேலை செய்யிறனா, படுத்துக் கிடக்கிறனா எண்டு. உங்கட முகத்தைப் பாத்து அதைக் கேக்க எனக்கு வெக்கமா இருந்திச்சு. அதுதான் கடையை என்ர வீட்டுக்கு மாத்துவம் எண்டு சொன்னது."

அவளுக்கு அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு போன்களையும் நிறுத்தி மேசையில் வைத்தார்கள். ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி, அதற்குள் இருந்த சிம்மையும் கழற்றி வைத்தார்கள். கதவை உள்ளால் பூட்டினார்கள். இணையம் இல்லாமல் அந்தத் தலை வெறும் பிளாஸ்டிக். இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டு உட்கார்ந்தார்கள். தலையைப் பார்க்கவில்லை... ஒருவர் கையை மற்றவர் பார்த்துக்கொண்டு.

ஆறு மணி ஆகப்போனது. டவுன் பக்கமிருந்து மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. அது முடிந்ததும் தவளைச் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

முதலில் மணம் வந்தது. நனைந்த கயிறு... தார்...

பிறகு கழுத்து மோட்டரின் சத்தம். ற்றீ... ற்றீ...

தலை யன்னல் பக்கம் திரும்பியது.

"ஓம்... ரெண்டு பேரும் இருக்கினம்."

சிவாஜினி ஜவ்பரின் கைகளைப் பார்த்தாள். அவை மடியில் கிடந்தன. விரல் கூட அசையவில்லை. அவளுடைய கைகளும் அப்படித்தான்.

தலை பொறுத்திருந்தது. யாரோ நீளமாக எதையோ கேட்கிறார்கள் போல.

"தெரியாது. கேட்டுச் சொல்லட்டா?"

ற்றீ... ற்றீ... கழுத்து இவர்கள் பக்கம் திரும்பியது. கண்கள் அவரிலிருந்து அவளுக்கும், அவளிலிருந்து அவருக்குமாகப் போய்வந்தன.

"உங்க ரெண்டு பேரில ஆருக்கு நீந்தத் தெரியாது?"

சிவாஜினி கிளிவெட்டியில் பிறந்தவள். வயல்காரக் குடும்பம். கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடமாகக் கடலோரம் இருந்தும் கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை. கருவி பரிசோதிக்கப் படகில் போகிற நாட்களில், அவளுடைய லைஃப் ஜாக்கெட்டின் பட்டி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஜவ்பர் படகை எடுக்கச் சொல்வார். அவரோ மூதூர்க்காரர். ஐந்து வயதிலிருந்து தண்ணீருக்குள் கிடந்தவர்.

பதில் சொல்லத் தேவையில்லை, பேசாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். ஆனால் கண்களின் மோட்டர் நின்றுவிட்டது. நின்றது அவள் மேல்.

"எனக்கு," என்றார் ஜவ்பர். "எனக்குத்தான் தெரியாது."

கண்கள் அவர் பக்கம் போயின. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன. பிறகு கழுத்து மெதுவாக யன்னலுக்குத் திரும்பியது.

"ஆம்பிளைக்குத்தான் தெரியாதாம்," என்றது தலை. "மற்றவவுக்குத் தெரியுமாம்."

ஜவ்பர் பாய்ந்து வயரைப் பிடுங்கினார். நீல வெளிச்சம் அணைந்தது. அதே நேரம் யன்னலுக்குக் கீழே, தண்ணீரில், ஒரு சத்தம். களக்... பெரிதாக ஏதோ ஒன்று மெல்ல அமிழ்கிற மாதிரி. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். படகில்லை. அலையுமில்லை.

அன்றைக்கே ஜவ்பர் அந்த மைக்ரோகொன்ட்ரோலர் பலகையைக் குறட்டால் நொறுக்கினார். முகத்தைக் குப்பையோடு போட்டு எரித்தார். ஹோட்டல்காரருக்கு எங்களால் ஏலாது என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த கிழமை வேலைத்தலம் ஜமாலியாவுக்குப் போனது. சாமான் ஏற்றுகிற அன்று சிவாஜினி சொன்னாள், "நான் உங்களைச் சந்தேகப்பட்டனான், நானா."

"நானும்தானே."

"ஏன் அப்பிடிப் பொய் சொன்னீங்க?"

ஜவ்பர் சிரித்தார். "எனக்கு நீந்தத் தெரியும் தங்கச்சி. என்னை என்ன செய்ய ஏலும்?"

தை மாதம் நடந்தது இது. மூதூர் இறங்குதுறையில் படகிலிருந்து இறங்கும்போது ஜவ்பரின் கால் வழுக்கியது. ஒன்றரை ஆள் ஆழம். மேலே நின்றவர்கள் சிரித்தார்களாம். ஜவ்பர்தானே, மறுபக்கத்தால் ஏறி வருவார் என்று. அவர் வரவில்லை. அவருடைய மச்சான் இன்ஷாப்தான் முதலில் சிரிப்பை நிறுத்தியவர். குதித்துத் தலைமயிரில் பிடித்து இழுத்துப் போட்டார்.

பார்க்கப் போன சிவாஜினியிடம் ஜவ்பர் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"இதுகள் என்ன செய்யோணும் எண்டு எனக்குத் தெரியேல்லை, தங்கச்சி. அஞ்சு வயசில இருந்து... மறந்து போச்சு."

இப்போதும் அவர் உம்மாவைப் பார்க்கப் போகிறார். படகில் இல்லை. பஸ்ஸில், தரையால் சுற்றி.

அடுத்த ஆவணியில் வெருகல் கோயில் திருவிழாவுக்குச் சிவாஜினி குடும்பம் போயிருந்தது. காலையில் எல்லாரும் ஆற்றில் குளித்தார்கள். அவள் கரையோரம் முழங்கால் தண்ணீரில் குந்தியிருந்து முழுகினாள். எழும்பி ஒரு அடி பின்னால் வைத்தாள்... மண் அள்ளிய குழி. கால் எட்டவில்லை. தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. கண்ணை இறுக்கிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

கைகள் தாமாக விரிந்தன. கால்கள் தாமாக உதைத்தன. கண்ணைத் திறந்தபோது அவள் நடு ஆற்றில் இருந்தாள். திரும்பினாள். ஐந்து வயதிலிருந்து தண்ணீருக்குள் கிடந்தவள் மாதிரி, நிதானமாக, மூச்சு வாங்காமல், கைமாற்றிக் கைமாற்றி நீந்திக் கரைக்கு வந்தாள்.

கஜீபன் சவர்க்காரத்தைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"நீர் எப்ப பழகினீர்?"

அவள் கூந்தலைப் பிழிந்துகொண்டே கரை முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் நீந்தியதை ஜவ்பரிடம் போய்ச் சொல்லக்கூடியவர்கள் யாராவது அங்கே நிற்கிறார்களா என்று.