பரிசோதனைக்கு ஐந்து நாள் முன்பு

காபிக்குச் சர்க்கரை வேண்டாம் ஐயா. இப்படியே குடித்துக்கொண்டு உங்கள் விசாரணைக்குப் பதில் சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. முன்னாள் ராணுவத்தினருக்கு ஊன உதவித்தொகை மனு எழுத அரசு தரும் அங்கீகாரமும் என்னிடம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் லாட்டன் ஊரில் கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்து அம்மாள் ஒருத்தி இதையே முறையாகப் படித்துவிட்டு இலவசமாகச் செய்கிறாள். "பொறுமையா இருங்க, மேல்முறையீடு பண்ணலாம்" என்பாள். பொறுமையாம். கேட்டாலே எனக்குக் குமட்டும்.

அதைவிடக் குமட்டுவது இந்தப் பட்டாளத்து ஆட்களின் மிடுக்கு. என்னிடம் மனு எழுத வந்த ட்வைட் ப்ரூயிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈராக் போரில் குண்டுவெடித்துத் தலையில் அடிபட்டு வலிப்பு வந்தவர். உதவித்தொகைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு மழமழவென்று சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும் விறைப்பாக நின்று, "நல்லா இருக்கேன் சார்" என்றிருக்கிறார். கிடைத்தது பிச்சைக்காசு.

"நல்லா இருக்கிற ஆளுக்கு எவன்யா பணம் தருவான்?" என்றேன்.

"பழக்கம் சார். புலம்பினா அசிங்கமா இருக்கு."

மறுபடி மனு எழுதிப் போட்டேன்; மறுபரிசோதனை வியாழக்கிழமை என்று வந்தது. ஐந்து நாள் குளிக்க வேண்டாம், சவரம் வேண்டாம் என்றேன். வலிப்பு மாத்திரையையும் நிறுத்தச் சொன்னேன். மாத்திரை போட்டால் வலிப்பு வராது, பிறகு டாக்டர் எதைப் பார்ப்பார்? சபலம் வரக்கூடாது என்று புட்டியை வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை போன் செய்தார். "கை நடுங்குது சார். ஒரே ஒரு மாத்திரை குடுங்களேன்."

"ஈராக்கையே பாத்துட்டு வந்த ஆளு, ரெண்டு நாள் தாங்க மாட்டியா?"

பட்டாளத்துக்காரர்களிடம் இது எப்போதும் பலிக்கும். மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார்.

புதன்கிழமை காலை அவருடைய மனைவி லொரெட்டா சமையலறைக்குள் வந்தபோது, ட்வைட் வலிப்பு வந்து தன் வாந்தியிலேயே முகம் புதைந்து கிடந்தார். மூச்சு இல்லை. ஆமாம் ஐயா, மாத்திரை என்னிடம்தான் இருந்தது. கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். நான் மறுக்கவில்லை.

அடக்கம் நடந்த இடத்துக்கே விதவைத் தொகைக்கான மனுவை எடுத்துக்கொண்டு போனேன். "இனிமே எந்த டாக்டரும் கேள்வி கேக்க மாட்டான் லொரெட்டா. கையெழுத்து மட்டும் போடும்மா."

என் முகத்தில் காறித் துப்பினாள்.

துடைத்துக்கொண்டேன். மனுவை அவள் கார் கண்ணாடியில் செருகிவிட்டு வந்தேன். பாவம், இந்தப் பட்டாளத்துக் குடும்பங்களுக்கும் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?